முட்டை ஓட்டில் ஒரு முத்திரை

தேக்கா சந்தையில் முட்டை வாங்கும்போது அட்டையைத் திறந்து, ஏதாவது உடைந்திருக்கிறதா என்று பார்ப்போம். ஓட்டின்மேல் அச்சிட்டிருக்கும் சிறிய குறியீட்டை யாரும் படிப்பதில்லை. அந்த முட்டை எந்தப் பண்ணையிலிருந்து வந்தது என்பதற்கான முகவரி அது. "இந்தப் பண்ணையின் முட்டைகளை உண்ண வேண்டாம்" என்று சிங்கப்பூர் உணவு அமைப்பு அறிவிக்கும் நாளில்தான் குளிர்பதனப் பெட்டியைத் திறந்து அதைத் தேடுகிறோம். 2021 மார்ச்சில் மலேசியப் பண்ணை ஒன்றின் முட்டைகளுக்கும், 2022 மே மாதம் உள்ளூர்ப் பண்ணை ஒன்றின் முட்டைகளுக்கும் அப்படி அறிவிப்பு வந்தது. இரண்டு முறையும் அகப்பட்டது சால்மோனெல்லா எண்டரைடிடிஸ் என்ற கிருமி.

இந்தக் கிருமி கோழியின் சினைப்பைவரை போய்விடும். கோழி நோயில்லாததுபோல மேயும், முட்டையிடும். ஓடு உருவாவதற்கு முன்பே கிருமி உள்ளே இருக்கலாம். ஓட்டை எவ்வளவு துடைத்தாலும் பயனில்லை. காப்பிக்கடையில் காயா ரொட்டியோடு அரைவேக்காட்டு முட்டையை உடைத்து, சோயா சாறும் மிளகுத்தூளும் தூவிக் குடிக்கும் ஊர் இது. இந்தச் செய்தி நமக்கு எட்டாத தொலைவில் இல்லை.

எண்டரைடிடிஸ் என்ற பெயர் மட்டும் தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. உலகமெங்கும் பரவிக் கிடக்கும் கிருமி அது. சிராங்கூன் சாலையில் நின்று "குமார்" என்று கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள்; நாம் தேடும் குமார் எந்த புளோக், எத்தனையாவது மாடி, எந்தக் கதவு என்று தெரிய வேண்டும். மரபணுத் தொகுதி முழுவதையும் படிக்கும் முறை அதைத்தான் செய்கிறது. இந்தக் கிருமிக்குள் ஏறத்தாழ 47 லட்சம் எழுத்துகள் கொண்ட ஒரு தொடர் இருக்கிறது. கிருமி பெருகப் பெருக அதில் எப்போதாவது ஓர் எழுத்து மாறும். நோயாளியிடமிருந்து எடுத்த கிருமிக்கும் பண்ணையில் எடுத்ததற்கும் ஐந்து எழுத்துக்குமேல் வேறுபாடு இல்லை என்றால், இரண்டும் ஒரே மூலத்திலிருந்து அண்மையில் பிரிந்தவையாக இருக்கலாம் என்று பிரிட்டனின் பொதுச் சுகாதார ஆய்வகம் மேலும் விசாரிக்கத் தொடங்கும். முட்டை ஓட்டில் மனிதன் குத்திய முத்திரை அழியலாம், கிருமி தனக்குள் சுமக்கும் முத்திரை அழிவதில்லை.

இதன் பலனைச் சிங்கப்பூர் கண்ணால் கண்ட ஆண்டு 2015. அது கோழியில் அல்ல, மீனில். அந்த ஆண்டு பி வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்றுடன் மருத்துவமனைக்கு வருவோர் எண்ணிக்கை திடீரென்று கூடியது. பிறந்த குழந்தைகளையும் முதியோரையும் தாக்கும் கிருமி என்றே அதுவரை மருத்துவர்கள் அதை அறிந்திருந்தார்கள். இப்போதோ நல்ல உடல்நலத்தோடு நடமாடியவர்களும் மூளைக்காய்ச்சலோடும் மூட்டு வீக்கத்தோடும் வந்தார்கள். உணவு வழியாக அது பலரிடம் இப்படிப் பரவியதாக அதுவரை உலகில் எங்கும் பதிவில்லை. டான் டோக் செங் மருத்துவமனையின் மருத்துவர்களும் மரபணு ஆய்வாளர்களும் சேர்ந்து பார்த்தபோது, அந்தக் கிருமிகளில் பல எஸ்டி283 என்ற ஒரே வகையைச் சேர்ந்தவை என்று தெரிந்தது. கஞ்சியோடு பச்சையாகப் பரிமாறப்பட்ட நன்னீர் மீன்களிலும் அதே வகை இருந்தது. பச்சை மீன் விற்பனை நின்றதும் நோயாளிகள் குறைந்தார்கள். அந்த டிசம்பரிலிருந்து உணவுக்கடைகள் பச்சை நன்னீர் மீனைப் பரிமாறத் தடை. பின்னர் திமோத்தி பார்க்கமும் சக ஆய்வாளர்களும் அதே வகை தாய்லாந்திலும் லாவோசிலும் மனிதர்களிடம் ஆண்டுக்கணக்காக இருந்துவந்ததைக் காட்டினார்கள். அது நெடுநாளாக நம் பகுதியில்தான் இருந்திருக்கிறது. யாரும் அதன் முகவரியைப் படிக்கவில்லை.

இங்கே நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. அந்த ஆய்வு இயந்திரத்தில் தொடங்கவில்லை. "இந்த மாதம் இவ்வளவு பேரா?" என்று ஒரு மருத்துவர் ஐயப்பட்டதில் தொடங்கியது. நோயாளியின் இரத்தம் ஆய்வகத்துக்குப் போனது, கிருமி வளர்த்தெடுக்கப்பட்டது, அது குப்பையில் போகாமல் பாதுகாக்கப்பட்டது. என்ன சாப்பிட்டோம் என்று நோயாளிகள் நினைவுபடுத்திச் சொன்னார்கள். இந்தக் கைகளில் ஒன்று விலகியிருந்தாலும் நூல் அறுந்திருக்கும்.

வயிற்றுப்போக்கு விஷயத்தில் நூல் அறுவது பெரும்பாலும் நம் வீட்டில்தான். வயிறு கலங்கினால் ஓமத் தண்ணீர், மோர், கடைசியில் கரி மாத்திரை. மருந்தகம் போனால் இரண்டு நாள் விடுப்புச் சீட்டு. பெரும்பாலோருக்குத் தானே சரியாகிவிடும், நல்லதுதான். ஆனால் மல மாதிரி கொடுக்கக் கூச்சப்படுகிறோம். இப்போது வந்திருக்கும் விரைவுச் சோதனைகள் கிருமியின் பெயரைச் சில மணி நேரத்தில் சொல்லிவிடும். ஆனால் கிருமியை வளர்த்தெடுக்காமல் அதன் முழு மரபணுத் தொகுதியைப் படிப்பது கடினம். அதனால் மருத்துவர் மல மாதிரி கேட்டால் கொடுத்துவிடுவோம். நம் வயிறு அதற்குள் சரியாகியிருக்கலாம். அந்தச் சிறு புட்டிதான் அடுத்த வீட்டுக் குழந்தையைக் காப்பாற்றப் போகிறது.

மாதிரி கொடுக்கவே வாய்ப்பில்லாதவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கேம்பல் லேனிலும் பஃபலோ ரோட்டிலும் நாம் தோள் உரசிக் கடக்கும் வெளிநாட்டு ஊழியர்கள் பலருடைய மதியச் சாப்பாடு இரவில் சமைக்கப்படுகிறது. விடியலில் தங்குவிடுதி வாசலுக்கு வந்து, லாரியில் கட்டுமானத் தளத்துக்குப் போய், நண்பகலில்தான் திறக்கப்படுகிறது. சூடாகவும் இல்லாமல் குளிராகவும் இல்லாமல், 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடையில் 4 மணி நேரத்துக்குமேல் இருந்த உணவை எறிந்துவிடுங்கள் என்று நமக்கெல்லாம் சொல்லப்படுகிறது. வெயிலில் கிடக்கும் அந்தக் கோழிக் குழம்புப் பொட்டலத்துக்கு மட்டும் அந்தக் கணக்கு மாறுமா? புளித்த சோற்றைக் கொட்டிவிட்டுப் பட்டினியாக வேலை செய்தேன் என்று சொன்னவர்களின் பேச்சைக் கேட்டிருக்கிறேன். வயிறு கெட்டாலும் சம்பளம் போய்விடுமோ என்று அவர்களில் பலர் மருந்தகம் போவதில்லை. கிருமிகளின் மரபணு வரைபடத்தில் அவர்கள் இருக்கும் இடம் வெற்றிடமாகவே நிற்கிறது. இந்த ஊரின் மிக நவீன ஆய்வுமுறை, இந்த ஊரைக் கட்டுகிறவர்களைப் பார்க்காமல் போவதை நாம் ஏற்கக்கூடாது.

கடைக்காரர்களுக்கு வேறோர் அச்சம். 2009 ஏப்ரலில் கேலாங் சிராய் தற்காலிகச் சந்தையில் இந்திய ரோஜாக் சாப்பிட்ட 154 பேர் நோயுற்றார்கள், இருவர் இறந்தார்கள். அது விப்ரியோ கிருமி. 2018 நவம்பரில் ரிவர் வேலி பகுதி உணவகம் ஒன்றிலிருந்து போன பொட்டலச் சாப்பாட்டால் 82 பேருக்கு நோய், ஓர் உயிரிழப்பு. அங்கே சால்மோனெல்லா. இவற்றில் சமையலறையின் தவறு தவறுதான், அதற்குப் பதில் சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஒவ்வொரு முறையும் கடைசிக் கையை மட்டும் பிடித்து நிறுத்திவிட்டால், மற்ற கைகள் ஒளிந்துகொள்ளும்.

மரபணு ஆய்வே இதற்குச் சான்று தருகிறது. 2018-இல் அமெரிக்காவில் கோழி இறைச்சியால் பரவிய சால்மோனெல்லா இன்ஃபான்டிஸ் தொற்றை விசாரித்தபோது, அந்த வகை ஒரே நிறுவனத்தில் மட்டும் இல்லை என்று தெரிந்தது. பல வகைக் கோழிப் பொருள்களில், பல இடங்களில் இருந்தது. 2021-இல் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் சியாங்யூ டெங் குழு, 98 நாடுகளிலிருந்து கிடைத்த சுமார் 30,000 எண்டரைடிடிஸ் மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்டது. உலகின் கோழிகள் ஒருசில இனப்பெருக்க நிறுவனங்களின் தாய்க்கோழி வரிசையிலிருந்து வருகின்றன. அந்த உச்சியில் புகுந்த கிருமி, குஞ்சு வணிகத்தோடு கண்டங்கள் தாண்டியிருக்கிறது என்று அது காட்டியது. தேக்காவில் கோழி வெட்டும் அண்ணன்மீது மட்டும் விரல் நீட்டினால், அந்த உச்சியில் இருப்பவர்கள் கேள்வியே இல்லாமல் தப்பிவிடுவார்கள்.

நம் தட்டுக்கு வரும் கோழியின் பயணம் நீளமானது. 2022 ஜூன் 1-ஆம் தேதி மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோதுதான், நாம் வாங்கும் கோழியில் மூன்றில் ஒரு பங்கு கடற்பாலம் தாண்டி உயிரோடு வந்து இங்கே அறுக்கப்படுகிறது என்பதைப் பலர் உணர்ந்தோம். மீதியில் பெரும்பகுதி பிரேசிலின் உறைகோழி. கிருமிக்குக் குடிநுழைவுச் சாவடி கிடையாது. எனவே மரபணு விவரத்தை நாடுகள் தங்களுக்குள் மறைக்காமல் பகிர்ந்துகொள்ள வேண்டும். "எங்கள் பண்ணையில் இருக்கிறது" என்று முதலில் சொல்கிறவர் வணிகத்தை இழப்பார் என்ற நிலை நீடிக்கும்வரை யாரும் சொல்ல மாட்டார்கள். 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், உணவு எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்ற பதிவை வணிகர்கள் வைத்திருக்கச் சொல்கிறது. சிறு கடைகளுக்கு அது சுமையாகத் தெரியும். விலைச்சீட்டை ஆணியில் குத்தி வைக்கும் பழைய பழக்கமே பாதி வேலையை முடித்துவிடும் என்பதை வணிகச் சங்கங்கள் தமிழிலும் சீனத்திலும் மலாயிலும் எடுத்துச் சொல்ல வேண்டும்.

வீட்டில் நாம் மாற்ற வேண்டிய ஒன்றைச் சொன்னால் மூத்தவர்களுக்குக் கோபம் வரலாம். மஞ்சள் போட்டுக் கோழியை நாலு தண்ணீரில் அலசுவது நம் தாய்மாரின் கைப்பழக்கம். அக்கறையில் வந்த பழக்கம் அது. ஆனால் தொட்டியில் தெறிக்கும் நீர் பக்கத்தில் இருக்கும் கொத்தமல்லித் தழையிலும் தட்டிலும் கிருமியைச் சேர்க்கிறது. கிருமியைக் கொல்வது மஞ்சள் அல்ல, கறியின் நடுப்பகுதிவரை ஏறும் 75 பாகைச் சூடு. மஞ்சளைக் குழம்பில் போடுங்கள், அம்மா. பச்சைக்கறிக்குத் தனிப் பலகை, தனிக் கத்தி வையுங்கள். கறி தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

தீபாவளி வந்தால் நூறு பேருக்குப் பிரியாணி சொல்வோம். கொண்டுவந்து வைக்கும் அண்டாவின்மேல் எந்த நேரத்துக்குள் சாப்பிட வேண்டும் என்ற சீட்டு ஒட்டியிருக்கும். விருந்தினர் தாமதமாக வந்தாலும் அந்த நேரத்தை மதிப்போம். அதே சீட்டு, படிக்கத் தெரிந்த மொழியில், விடியலில் தங்குவிடுதி வாசலில் இறங்கும் ஒவ்வொரு பொட்டலத்திலும் இருக்கிறதா என்று ஒப்பந்ததாரர்களும் மேற்பார்வையாளர்களும் நாளையே பார்க்கலாம். வெளிநாட்டு ஊழியரின் மருத்துவச் செலவை முதலாளிதான் ஏற்க வேண்டும் என்பது ஏற்கெனவே சட்டம். வயிறு சரியில்லை என்று ஒரு தம்பி வந்து நின்றால், அன்றைய சம்பளத்தைப் பிடிக்காமல், மருந்தகத்துக்கு அவனோடு ஓர் ஆளை அனுப்பிவையுங்கள்.