மூன்று மணிநேர வெட்டியான்

சங்கரதாஸ் சுவாமிகள் இறந்து நூறு வருசம் ஆனதையொட்டி 2022இல் எங்கள் பக்கத்து ஊரில் ஒரு மலர் போட்டார்கள். சேலம், நாமக்கல் வட்டாரத்தில் நாடகக் கம்பெனிகள் வந்துபோன வரலாற்றைக் கட்டுரையாகத் தரச்சொல்லி என்னிடம் கேட்டார்கள். ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியாருக்கு வேறென்ன வேலை, எழுதிக் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்து மலர்க்குழுவிலிருந்து ஒருவர் போன் செய்தார்.

"அய்யா, கட்டுரை நல்லாத்தானுங்க இருக்குது. உங்கப்பாரு பத்தி வர்றத மட்டும் எடுத்துரலாமுங்களா? நாடகத்துல எதுக்குங்க சாதி?"

எடுக்க முடியாது என்றேன். மலர் வந்தது. கட்டுரை வரவில்லை.

அப்பாவை எடுத்துவிட்டால் அதில் மிஞ்சுவது எல்லாருக்கும் மனப்பாடமான கதைதான். 1867இல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர் சங்கரதாசர். எமன், சனீசுவரன், இரணியன் என்று வேசம் கட்டியவர், பிறகு வாத்தியாரானார். 1910இல் சமரச சன்மார்க்க நாடக சபை, 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபை. டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவர்களாக அங்கே போய்ச் சேர்ந்தார்கள். 1922இல் அவர் புதுச்சேரியில் இறந்தார். 1925இல் டி.கே.எஸ். சகோதரர்கள் தனிக் கம்பெனி கண்டார்கள். எம்.ஜி.ஆர். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்தார். சிவாஜி யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளை கம்பெனியில் வளர்ந்தார். பேசும்படம் வந்ததும் கொட்டகையில் பழகிய தொண்டைகளுக்குக் கிராக்கி உண்டானது. திருச்செங்கோட்டு டி.ஆர். சுந்தரம் 1935இல் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்சைத் தொடங்கினார். நூறு படங்களுக்குமேல் எடுத்த அந்த இடத்தில் இன்றைக்கு ஏற்காடு ரோட்டோரம் நுழைவு வளைவு மட்டும் நிற்கிறது. அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். எடுத்துக்கொள்ளட்டும்.

இந்த வரலாற்றில் கொட்டகை இருக்கிறது, திரைச்சீலை இருக்கிறது, ஆர்மோனியம் இருக்கிறது, முதலாளி பட்ட கடன்கூட இருக்கிறது. கொட்டகை வாசலுக்கு ஜனத்தைக் கூட்டிவந்தவன் இருக்கிறானா?

எங்கப்பன் ராசிபுரம் பக்கம் ஒரு ஊருக்கு வெட்டியான். ஊர்ப் பிணத்தை எரிப்பது, எழவு சொல்லப்போவது, தண்டோரா போடுவது எல்லாம் அவர் தலையில். 1950 வாக்கில், நாமக்கல்லும் சேலம் மாவட்டத்தில் இருந்த காலம், பக்கத்துச் சந்தை ஊரில் ஒரு கம்பெனி வந்து மாசக்கணக்கில் கேம்ப் போட்டது. அரிச்சந்திரா நாடகத்துக்குக் கம்பெனி ஆள் மாட்டுவண்டியில் உட்கார்ந்து நோட்டீசு வீசிக்கொண்டு போவான். வண்டிக்கு முன்னால் தப்பு அடித்துக்கொண்டு நடந்தவர் எங்கப்பன். ஏழு ஊர் சுற்றியதற்குக் கூலி எட்டணா, ஒரு பாசு.

அந்தப் பாசை மடியில் முடிந்துகொண்டு ராத்திரி ஆறு மைல் நடந்து போயிருக்கிறார். வாசலில் நின்றவன் பாசை வாங்கிக் கிழித்துப் போட்டுவிட்டு, "அக்கட்டால போயி தட்டியோரமா நின்னு பாருடா" என்றானாம். தட்டியில் ஒரு ஓட்டை. அதன் வழியாகத்தான் எங்கப்பன் அரிச்சந்திரனைப் பார்த்தார். முன்பக்கம் இருந்தவர்களுக்குத் தெரியாதது அவருக்குத் தெரிந்தது. ராசா பக்கத்தில் வந்து நின்று சோடா குடிக்கிறான், மறுபடி உள்ளே போய் அழுகிறான்.

எங்கப்பன் அந்த நாடகத்துக்குச் சொன்ன விமர்சனத்தை நான் எந்த நாடகப் புத்தகத்திலும் படித்ததில்லை. "கோலப் புடிக்கவே தெரியலடா அவனுக்கு. பொணம் வேவறப்ப நரம்பு இழுத்துக் காலு மடங்கி எந்திரிக்கும், அத அடிச்சுப் படுக்க வெக்கோணும். இவன் செங்கோலாட்டம் தோள்ல சாத்திக்கிட்டு நிக்கறான். காத்து எங்கிருந்து அடிக்குதுன்னு பாக்காம பொகைக்கு எதுக்கால நின்னு பாடறான். நெசச் சுடுகாடா இருந்தா ரெண்டு வரி பாடறதுக்குள்ள செத்திருப்பான்."

கதை உங்களுக்குத் தெரியும். சத்தியம் தவறாத ராசா நாடு இழந்து, காசியில் பெண்டாட்டியையும் பிள்ளையையும் ஒரு பார்ப்பானுக்கு விற்று, தன்னைச் சுடலை காக்கும் வீரவாகுவுக்கு விற்கிறான். பாம்பு தீண்டிச் செத்த லோகிதாசனைத் தூக்கிக்கொண்டு சந்திரமதி சுடுகாட்டுக்கு வருகிறாள். தன் பிள்ளை என்று தெரிந்தும் கால்பணமும் முழத்துண்டும் கொடுக்காமல் எரிக்கவிட மாட்டேன் என்று நிற்கிறான். கொட்டகையே அழும். தட்டியோரத்திலும் அந்த அழுகை கேட்டது. அழுதவர்களில் பாதிப்பேரை எங்கப்பனுக்குக் குரலை வைத்தே தெரியும். அவர்கள் வீட்டு எழவுகளுக்குப் போனவர் அல்லவா.

கால்பணமும் முழத்துண்டும் எங்கப்பனும் கேட்டார். அவருக்கு அதுதான் வரும்படி. அரிச்சந்திரன் கேட்டால் அது சத்தியம். எங்கப்பன் கேட்டால், "பொணத்துக்கிட்டயும் புடுங்கறான் பாரு பறையன்." ஒரே வேலை, ஒரே கூலி, ஒரே கோல். ஒருத்தனுக்கு மோட்சம், ஒருத்தனுக்கு வசவு.

"அவன் மூணு மணிநேரம் வெட்டியான்" என்பார் எங்கப்பன். "விடிஞ்சா மூஞ்சியக் கழுவிக்கிட்டு இட்டிலி திங்கப் போயிருவான். அவனுக்கோசரம் அழுவறாங்க."

இந்தக் கதை நாடு முழுக்க ஏன் இப்படி ஓடியது என்று யோசியுங்கள். ராஜ்கோட்டில் ஒரு நாடகக் கம்பெனி போட்ட அரிச்சந்திராவைச் சிறுவயதில் பார்த்து மனசைப் பறிகொடுத்ததாகக் காந்தி சுயசரிதையில் எழுதுகிறார். 1913இல் பால்கே எடுத்த இந்தியாவின் முதல் முழுநீளக் கதைப்படம் ராஜா ஹரிச்சந்திரா. தமிழில் பேசும்படம் வந்த மறுவருசமே, 1932இல், அரிச்சந்திரா வந்துவிட்டது. சத்தியத்தின்மேல் இந்த தேசத்துக்கு அவ்வளவு ஆசையா? ஆசையாக இருந்தால் கோர்ட்டுகளை மூடியிருக்கலாம். இந்துவின் அடிவயிற்றில் ஒரு பயம் கிடக்கிறது: சாதி இழந்து சேரிக்காரன் வேலை செய்ய வேண்டி வந்துவிட்டால்? அந்தப் பயத்தைக் காட்டிக் கிச்சுகிச்சு மூட்டி, விடியும்போது ராசாவைத் திரும்பச் சிம்மாசனத்தில் உட்காரவைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். கம்பெனிகள் விற்ற சரக்கு அது. பெண்டாட்டியை விற்பதைவிட, பிள்ளை சாவதைவிட, வெட்டியானாவதுதான் கதையின் பாதாளம். மார்க்கண்டேய புராணத்தில் அந்தச் சண்டாளன்கூட நிசச் சண்டாளன் இல்லை, தருமதேவன் போட்ட வேசம். ராசாவும் வேசம், வெட்டியானும் வேசம். எங்கப்பன் ஒருத்தர்தான் வேசமில்லாமல் தட்டிக்கு வெளியே நின்றிருக்கிறார்.

இதற்கு ஜோடியாக இன்னொரு கதை, நந்தன். கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தன் சரித்திரம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து கச்சேரிக்கும் மேடைக்கும் தீனி போட்டது. 1935 நந்தனார் படத்தில் நந்தனாக நடிக்க, எங்களுக்குக் காவிரிக்கு அக்கரையில் கொடுமுடியில் பிறந்த கே.பி. சுந்தராம்பாளுக்கு ஒரு லட்ச ரூபாய் சம்பளம். ராசா கீழே இறங்கினால் தேவர்கள் வந்து கைகொடுத்து மேலே தூக்குவார்கள். சேரிக்காரன் மேலே ஏறவேண்டுமென்றால் தீயில் இறங்கவேண்டும். இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தவர்களைச் சமத்துவம் வளர்த்தவர்கள் என்கிறது மலர். சபைக்குச் 'சமரச சன்மார்க்கம்' என்று பேர் வைத்ததை அதற்குச் சாட்சியாகக் காட்டுகிறது. பேர் வைப்பதில் நாம் எந்தக் காலத்தில் குறை வைத்திருக்கிறோம்.

ஒரு விதிவிலக்கைச் சொல்லாவிட்டால் நான் பொய்யனாவேன். டி.கே.எஸ். கம்பெனியில் தேறியவர் என்.எஸ். கிருஷ்ணன். அவர் நடத்திய கிந்தனார் காலட்சேபம் 1949இல் நல்லதம்பி படத்திலும் வந்தது. அதில் சேரிப் பையன் சிதம்பரத்துக்குப் போகவில்லை, படிக்கப் போகிறான். தீயும் இல்லை, சோதியும் இல்லை. எங்கப்பன் ராசிபுரம் டூரிங் கொட்டாயில் அந்தப் படத்தை மூன்று தடவை பார்த்தார். என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்ததற்கு யார் காரணம் என்று கேட்டால் என்.எஸ்.கே. பேரைத்தான் சொல்வார்.

"கம்பெனிக்காரங்களே பஞ்சப்பராரிங்க, கூத்தாடின்னு ஊரே எளக்காரமாப் பேசுச்சு" என்று போனில் மலர்க்குழுக்காரர் சொன்னார். உண்மைதான், மறுக்கவில்லை. 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் சுகுண விலாச சபை தொடங்கியபோது, வக்கீலும் உத்தியோகஸ்தரும் வேசம் கட்டினால் அமெச்சூர், வயிற்றுக்கு நடித்தால் கூத்தாடி என்று இரண்டாகப் பிரிந்தது. பாய்ஸ் கம்பெனிப் பையன்கள் அடி வாங்கினார்கள், தாயைப் பிரிந்து அழுதார்கள். ஆனால் அவர்களுக்கு அங்கே சோறு கிடைத்தது. தமிழ் உச்சரிப்பு, பாட்டு, தாளம், ஆட்டம் கிடைத்தது. சம்பளம் கட்டாத பள்ளிக்கூடம் அது. அதிலிருந்து சினிமாவுக்கு வழி, சினிமாவிலிருந்து 1977இல் கோட்டைக்கே வழி. அக்கிரகாரப் பள்ளிக்கூடம் சேர்க்கவில்லை, கோயில் சேர்க்கவில்லை, கிணறு சேர்க்கவில்லை என்று நூறு தடவை எழுதிவிட்டோம். இந்தப் பள்ளிக்கூடத்தைப் பற்றி நாமும் கேட்காமல் விட்டுவிட்டோம். கம்பெனி வீட்டில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்ட பையன்களில் சேரிப் பையன் எத்தனை பேர்? பட்டியல் போடுங்கள். சாதி பார்க்காத கலை என்றால் பேர் சொல்வதில் என்ன கஷ்டம்?

சேரி ஜனம் நடிக்காமல் இருந்துவிடவில்லை. எங்க தாய்மாமன் கூத்துச் செட்டில் நாற்பது வருசம் பெண் வேசம் கட்டினார். மாசியிலிருந்து வைகாசி வரைக்கும் மாரியம்மன் நோம்பி, திரௌபதியம்மன் நோம்பி என்று ராத்திரி தூக்கமே கிடையாது. மிருதங்கம், முகவீணை, பின்னால் கம்பெனியைப் பார்த்து ஆர்மோனியம். நோட்டீசில் தங்களுக்கும் 'நாடக சபா' என்றுதான் போட்டுக்கொண்டார்கள். சம்பளம் பேசி, முன்பணம் வாங்கி, வேசத்துக்கு ஆள் பிரித்து, ஊர் ஊராகப் போய் ஆடியவர்கள். தொழில்முறைக் கம்பெனி என்றால் வேறென்ன? ஆனால் கம்பெனிக்கு வாத்தியார் பேர், ஆண்டு, ஊர், நாடகப் பட்டியல் எல்லாம் போட்டு வரலாறு எழுதுகிறான். கூத்து என்றால் 'நாட்டுப்புறக் கலை' என்று ஒரு பத்தியில் முடிக்கிறான். நாட்டுப்புறத்துக்குப் பேர் கிடையாது, தேதி கிடையாது. எங்க மாமன் சந்திரமதியாக அழும்போது ஊர்க் கவுண்டச்சிகள் மாராப்பில் காசு தேடி எடுத்துக் கொடுப்பார்கள். விடிந்ததும் அதே தெருவில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போவார். அந்த மலரில் அவர் செட்டுக்குக் கிடைத்தது ஒரு போட்டோ. கீழே 'கிராமியக் கலைஞர்கள்' என்று போட்டிருந்தார்கள்.

மலர் வந்த அதே 2022 ஆகஸ்டில் தண்டோரா போடும் வழக்கத்தைத் தடுக்கும்படி தலைமைச் செயலாளர் கலெக்டர்களுக்குக் கடிதம் எழுதினார். தப்பு அடித்து அறிவிக்க வைப்பது ஒரு மனுசனுக்கு அவமானம் என்று சர்க்காருக்கே தெரிந்த வருசத்தில், அரிச்சந்திராவுக்கு ஒருத்தன் தப்பு அடித்தான் என்ற ஒரு வரிக்கு மலரில் இடம் இல்லை.

எங்கள் பக்கத்து ஊர்ச் சுடுகாட்டு வாசலில் ஒரு கல் நட்டிருக்கும். அரிச்சந்திரன் கல். பாடையை அங்கே இறக்கிவைத்து, வெட்டியான் அரிச்சந்திரன் கதையைப் பாட்டாகப் பாடி, காசு வாங்கிய பிறகுதான் பிணம் உள்ளே போகும். கம்பெனி வருவதற்கு முன்னும், கம்பெனி கொட்டகையைப் பிரித்துக்கொண்டு போன பின்னும் எங்கப்பன் அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார். எழுதிவைத்த பாடம் கிடையாது, எங்க தாத்தன் வாயிலிருந்து வந்தது. அவருக்கு யாரும் வாத்தியார் பட்டம் தரவில்லை.

1994இல் எங்கப்பன் செத்தார். ஊர்ச் சுடுகாட்டுக்கு அவரை எடுத்துப்போக முடியாது. ஓடைப் பக்கம் எங்களுக்கென்று ஒதுக்கின புறம்போக்கு உண்டு, அங்கே கல் எதுவும் கிடையாது. முந்தின ராத்திரி ஆட்டம் முடித்துவிட்டு மாமன் அப்படியே வந்திருந்தார், கழுத்தில் அரிதாரம் போகவில்லை. பாடையை இறக்கச் சொன்னார். ஓடையில் இறங்கி ஒரு குண்டுக்கல்லைத் தூக்கிவந்து வழியில் வைத்தார். "இதாண்டா அரிச்சந்திரன்" என்றார். நின்று முழுப்பாட்டையும் பாடினார். முடித்துவிட்டு என் முன்னால் கையை நீட்டினார். "கால்பணம் வெய்யி மாப்ள. உங்கப்பன் ஒருத்தனையும் சும்மா உட்டதில்ல." சட்டைப்பையில் இருந்த ஒரு ரூபாயை வைத்தேன்.

எடுத்துரலாமுங்களா என்று கேட்ட பகுதியில் இதுவும் இருந்தது.