தொட்டறிதலும் அளந்தறிதலும்

வெப்பத்தைப் பற்றிய முதற்பாடத்தை வகுப்பிலே தொடங்கும்போது மூன்று பாத்திரங்களை மேசைமீது வைப்பது எமது வழக்கம். ஒன்றிலே குளிர்நீர், ஒன்றிலே கைபொறுக்கும் சுடுநீர், நடுவிலுள்ளதில் இளஞ்சூட்டு நீர். மாணவன் ஒருவன் வலக்கையைச் சுடுநீரிலும் இடக்கையைக் குளிர்நீரிலும் சிறிது நேரம் வைத்திருந்து, பின்னர் இரண்டையும் நடுப்பாத்திரத்தில் இடுவான். வலக்கை 'குளிர்கிறது' என்னும். இடக்கை 'சுடுகிறது' என்னும். நீர் ஒன்றே, சாட்சியம் இரண்டு. ஆதலால் வெப்பத்தை அளப்பதற்குக் கை ஏற்ற கருவியன்று எனக் கரும்பலகையில் எழுதி, மாணவரையும் எழுதச் செய்வோம்.

இதனைப் பல்லாண்டுகளாகப் படிப்பித்து வந்த நாம், எமது இளைய மகனுக்கு நான்கு வயதாயிருந்த காலத்தில் ஒரு மாலைப்பொழுது செய்தது யாதெனில், அவன் நெற்றியிலே கையை வைத்துப் பார்த்ததுதான்.

பிள்ளை விளையாட்டை விட்டுப் பாயிலே சுருண்டு கிடந்தான். கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துவிட்டு ஈரக்கையோடு வந்த அவன் தாயார் நெற்றியைத் தொட்டு, "நெருப்பாய்க் கொதிக்குது" என்றார். வெயிலிலே துவிச்சக்கரவண்டி மிதித்து அப்பொழுதுதான் வீடு சேர்ந்த நாம் தொட்டோம். எமக்கு ஒன்றுந் தோன்றவில்லை. ஆச்சி நெற்றியை விடுத்துப் பாதத்தைத் தடவிப் பார்த்தார். "கால் குளிர்ந்து போய்க் கிடக்குது. காய்ச்சல் இல்லை, வெய்யில் களைப்பு. போர்த்து விடு, பிள்ளை" என்று தீர்ப்பளித்தார். மூத்தவர் வாக்கு, நாமும் உடன்பட்டோம். மூன்று பாத்திரங்களும் எம் நினைவுக்கு வரவேயில்லை. ஒரு மணி நேரத்தின் பின் பிள்ளை நடுங்கத் தொடங்கினான். அயல்வீட்டில் இரவல் வாங்கிய வெப்பமானியை அவன் அக்குளில் வைத்தபோது அது 39.4 பாகை செல்சியசு காட்டிற்று. பரனைற் அளவில் ஏறத்தாழ 103.

ஆச்சியின் கை பொய்யுரைக்கவில்லை. பாதம் மெய்யாகவே குளிர்ந்திருந்தது. காய்ச்சல் ஏறும் வேளையிலே உடல் தன் வெப்பத்தை வெளியே விடாது காக்க முற்படுகிறது. தோலின் கீழுள்ள குருதிக் குழாய்கள் சுருங்குகின்றன, கைகால்கள் குளிர்கின்றன, தசைகள் நடுங்கி மேலும் வெப்பத்தைப் பிறப்பிக்கின்றன. அகத்திலே அனல், புறத்திலே பனி. அவ்வேளையில் கம்பளியால் இறுகப் போர்த்துவது வெப்பத்தை உள்ளேயே அடைப்பதாகும். எம் இல்லாளின் கை அன்று சரியாகவே சொன்னது. ஆயினும் ஈரக்கைக்கு எந்த நெற்றியும் கொதிக்கத்தானே செய்யும்!

வைத்தியர்களும் நெடுங்காலம் கையையே நம்பியிருந்தனர். ஜேர்மனியின் லைப்சிக் நகரத்து வைத்தியர் வுண்டர்லிக், ஏறத்தாழ 25,000 நோயாளரின் உடல் வெப்பத்தை அளந்து 1868இல் வெளியிட்ட நூலின் பின்னரே வெப்பமானி நோயாளியின் படுக்கையருகே நிலைபெற்றது. அதற்குச் சற்று முன்வரை, ஓரடி நீளமான குழலை இருபது நிமிடம் பிடித்திருக்க வேண்டியிருந்ததாம். நான்கு வயதுப் பிள்ளையிடம் அது நடக்கக்கூடிய காரியமா?

இன்று மருந்துக் கடையிற் கிடைக்கும் மின்வெப்பமானி ஓரிரு நிமிடத்தில் ஒலியெழுப்பித் தன் வேலையை முடித்துவிடுகிறது. அக்குளின் வியர்வையைத் துடைத்து, முனை தோலிலே நன்கு படும்படி வைத்து, கையை உடலோடு அணைத்துப் பிடித்தல் வேண்டும். சட்டைக்கு மேலே வைத்து அளப்போரையும் நாம் கண்டிருக்கிறோம். குளித்தவுடனும் ஓடி விளையாடியவுடனும் அளத்தலாகாது. அரைமணி நேரம் பொறுத்தல் நன்று. அக்குளில் 37.5 பாகையோ அதற்கு மேலோ காட்டின் காய்ச்சல் எனக் கொள்ளலாம். காலையிலும் பார்க்க மாலையில் உடல் வெப்பம் இயல்பாகவே சற்று உயர்ந்திருக்கும் என்பதையும் மறத்தலாகாது. மூன்று மாதம் நிரம்பாத சிசுவாயின் இக்கணக்குகளோடு வீட்டிலே காலம் போக்காது, காய்ச்சல் கண்டவுடன் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுதல் வேண்டும்.

அளந்ததை ஒரு கொப்பியிலே, நேரத்தோடு குறித்து வைப்பது அவசியம். பரசிற்றமோல் கொடுத்த நேரமும் அருகே இருத்தல் வேண்டும். அன்றேல் மருந்தினால் இறங்கிய வெப்பத்தை நோய் இறங்கியதாக எண்ணிவிடுவோம். அம்மருந்தும் பிள்ளையின் நிறைக்கு ஏற்ப, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறையே கொடுக்கத்தக்கது. அஸ்பிரினும் புரூபனும் கூடவே கூடா. காரணம் டெங்கு. 2017ஆம் ஆண்டு ஒன்றிலேயே இலங்கையில் 1,86,000க்கும் மேற்பட்டோருக்கு டெங்குக் காய்ச்சல் கண்டதாகப் பதிவாயிற்று.

இந்நோயிலேதான் கை நம்மைப் பெரிதும் ஏமாற்றுகிறது. மூன்று நான்கு நாள் எரிந்த காய்ச்சல் தணிகிறது. தாய் நெற்றியைத் தொட்டு, தெய்வத்துக்கு நன்றி கூறி, நித்திரைக்குச் செல்கிறாள். டெங்குவில் அபாயம் தொடங்கும் வேளை பெரும்பாலும் அதுவே. குருதியின் நீர்ப்பகுதி குழாய்களிலிருந்து கசிகிறது. கைகால்கள் மீண்டும் குளிர்கின்றன. இக்குளிர்ச்சி அதிர்ச்சிநிலையின் அறிகுறியாகலாம். காய்ச்சல் விட்ட பிள்ளை சோர்ந்து கிடந்தாலும், வயிற்றுநோ, ஓயாத வாந்தி, இரத்தக்கசிவு, சிறுநீர்க் குறைவு ஆகியவற்றுள் ஒன்றைக் கண்டாலும், நள்ளிரவாயினும் வைத்தியசாலைக்கு விரைதல் வேண்டும். காய்ச்சல் மூன்றாம் நாளை எட்டுமுன்னரே வைத்தியரைக் கண்டு குருதிப் பரிசோதனை செய்வித்துக் கொள்வது இந்நாட்டில் வாழும் எவர்க்கும் பொருந்தும்.

எம் மகனுக்கு அன்று கண்டது டெங்கு அன்று, தொண்டை அழற்சி. மறுநாட் காலை வைத்தியர் பிள்ளையைப் பார்க்குமுன் நாம் நீட்டிய கொப்பித் தாளையே முதலில் வாங்கிப் பார்த்தார். இரவு முழுவதற்குமாக ஐந்து வரிகள். அவற்றுட் கடைசி இரண்டும் ஆச்சியின் கையெழுத்து. நாம் கண்ணயர்ந்த பின் அவரே எழுந்து அளந்திருக்கிறார்.