டெஸ்மண்ட் எதற்கு?

சிவகாசியில் 1972இல் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழ் ‘இரும்புக்கை மாயாவி’. மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து கை மட்டும் தெரியும் அந்த மனிதருக்குக் கூட்டாளி தேவைப்படவில்லை. அது சாகசம். அதே முத்து காமிக்ஸில் வந்த ரிப் கிர்பி துப்பறிபவர். அவருடைய பணியாள் டெஸ்மண்ட் பழைய திருடர். பூட்டும் திருட்டுப் புத்தியும் எஜமானரைவிட அவருக்கு அத்துப்படி.

துப்பறியும் கதைப் போட்டிக்காக நமக்கு வரும் கைப்பிரதிகளில் டெஸ்மண்ட் மாதிரி உதவியாளரைக் காணோம். “எப்படி பாஸ் கண்டுபிடிச்சீங்க?” என்று கேட்கவே ஓர் ஆள் வைத்திருக்கிறார்கள். ஷெர்லாக் ஹோம்ஸின் வாட்சனைப் பார்த்துப் பழகிய பழக்கம். வாட்சனுக்கோ நிஜமான வேலை இருந்தது. தடயத்தை நம் கண்முன் வைப்பார், அதன் பொருளை அவரே அறியமாட்டார். ஹோம்ஸே கதை சொல்லும் ‘லயன்ஸ் மேன்’ (1926) சிறுகதையைப் படித்தால் அந்த வசதி போனதன் கஷ்டம் தெரியும்: தெரிந்ததை அவரே வாய்க்குள் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கணேஷின் உதவியாளர் வசந்தைச் சொல்வீர்கள். சுஜாதாவின் கணேஷ் ‘நைலான் கயிறு’ நாவலில் வசந்த் இல்லாமலே வந்தவர்தான். ஆனால் பிறகு வந்த வசந்த் ஜோக் மட்டும் அடிக்கவில்லை. அலைந்து விசாரிப்பார், பாஸையே மறுத்துப் பேசுவார்.

விருதுநகர் மாவட்டத்துப் பட்டாசு ஆலை ஒன்றில் வெடி. விபத்தா, கொலையா என்று ஒரு கதை வைத்துக்கொள்வோம். சென்னையிலிருந்து வரும் துப்பறிபவருக்கு இங்கே ஒன்றும் புரியாது. அவர் உதவியாளருக்கு ரசாயனப் பாடம் நடத்தினால் வாசகர் பக்கத்தைத் தள்ளிவிடுவார். ஆலையின் போர்மேனைத் துப்பறிபவருடன் அனுப்புங்கள். அலுமினியப் பவுடர் கலந்த மருந்து மீந்து, அதில் ஈரம் பட்டால் தானாகச் சூடேறும் என்பது அவருக்குத் தெரியும். “ஈரம் பட்ட மருந்து யாரையும் கேட்டுட்டு வெடிக்காதுங்க சார்” என்பார். சொல்லாமல் விடுவதும் உண்டு: ஆலை உள்குத்தகைக்கு விடப்பட்டது, அறையில் அனுமதித்ததைவிட ஆட்கள் அதிகம். வாய் திறந்தால் அவர் பிழைப்பும் போகும், வழக்கும் வரும். உதவுகிறவரே பாதியை மறைக்கிறார். வாசகர் அவரையும் சந்தேகிப்பார். கொலையாளியைத் தேடுவதைவிட போர்மேனைப் பேசவைப்பதே துப்பறிபவருக்குப் பெரிய வேலையாகிவிடும்.

போட்டிக்குக் கதை அனுப்புமுன் உதவியாளரின் பெயரை எல்லா இடத்திலும் அடித்துவிட்டு ஒருமுறை படியுங்கள். முடிச்சு அப்படியே அவிழ்ந்தால் அவருக்குச் சம்பளம் கொடுத்து அனுப்பிவிடலாம்.