கருணை அல்ல, சட்டம் தந்த உரிமை!

2025 ஜூன் 9 காலை, மும்பையை அடுத்த மும்ப்ரா அருகே, எதிரெதிர்த் திசையில் சென்ற இரு புறநகர் ரயில்களின் வாசல்களில் தொங்கியபடி சென்ற பயணிகள் தண்டவாளத்தில் விழுந்தனர். குறைந்தது நால்வர் உயிரிழந்தனர். நாடெங்கும் அது தலைப்புச் செய்தி ஆனது. ஆனால், மும்பை புறநகர் ரயில் தடங்களில் மட்டும் அண்மை ஆண்டுகளில் ஆண்டுதோறும் 2,000-க்கும் மேற்பட்டோர் மாண்டு வருகின்றனர். தண்டவாளத்தைக் கடக்கையில் அடிபடுவோரும் ஓடும் ரயிலிலிருந்து விழுவோருமே இவர்களில் பெரும்பாலோர். ஒருவர், இருவராக நிகழும் இம்மரணங்கள் செய்தியாவதில்லை. இழப்பீடு கேட்டு அலையும் குடும்பங்களின் துயரமும் வெளியே தெரிவதில்லை.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 1989 ரயில்வே சட்டத்தில் 1994-இல் சேர்க்கப்பட்ட 124-ஏ பிரிவின்படி, ரயிலிலிருந்து பயணி தவறி விழுந்து இறந்தால் ரயில்வே இழப்பீடு வழங்கியாக வேண்டும். நிர்வாகத்தின் மீது தவறு இருந்ததா என்ற கேள்விக்கே இடமில்லை. தற்கொலை, தானே வருவித்துக்கொண்ட காயம், பயணியின் சொந்தக் குற்றச் செயல், போதை அல்லது மனநலப் பிறழ்வு நிலையில் செய்த செயல், நோய் ஆகியவை மட்டுமே விதிவிலக்குகள்.

நடைமுறையோ வேறு. கோரிக்கை வந்தவுடன் நிர்வாகம் கையில் எடுக்கும் ஆயுதங்கள் இரண்டு. ஒன்று, இறந்தவரிடம் பயணச்சீட்டு இல்லை. மற்றொன்று, அவர் அத்துமீறித் தண்டவாளத்தில் நடந்தவர். சிதைந்த உடலின் சட்டைப் பையில் ஒரு துண்டுக் காகிதம் எஞ்சவில்லை என்பதற்காக, பயணி என்ற தகுதியே அவருக்கு மறுக்கப்படுகிறது.

இந்த வாதத்தை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. இது மக்கள் நலச் சட்டம், விரிந்த பொருளிலேயே இதைக் கொள்ள வேண்டும் என்று 2008-லேயே அது கூறியது. பயணச்சீட்டு கிடைக்கவில்லை என்பதாலேயே கோரிக்கையை நிராகரிக்க முடியாது. குடும்பத்தினர் உரிய விவரங்களுடன் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தால், மறுத்து நிரூபிக்கும் பொறுப்பு ரயில்வேயையே சாரும். கவனக்குறைவைத் தானே வருவித்துக்கொண்ட காயமாகக் கருத முடியாது என 2018-இல் ரீனா தேவி வழக்கில் தீர்ப்பளித்தது. அதன் பின்னரும் அதே ஆட்சேபங்கள் தீர்ப்பாயங்களில் எழுப்பப்படுகின்றன. இறப்பை விசாரிப்பது ரயில்வே பாதுகாப்புப் படை. அறிக்கை செல்வது கோட்ட ரயில்வே மேலாளரிடம். இழப்பீடு தர வேண்டிய தரப்பே விசாரணையையும் நடத்துகிறது!

கிடைக்கும் தொகையும் சொற்பமே. 1997-இல் 4 லட்சம் ரூபாயாக நிர்ணயிக்கப்பட்ட தொகை, 19 ஆண்டுகளுக்குப் பின் 2017 ஜனவரி முதல்தான் 8 லட்சம் ஆனது. விலைவாசியோடு அதற்குத் தொடர்பே இல்லை. மறுபுறம், இணையவழியில் முன்பதிவு செய்வோருக்கு 45 காசில் 10 லட்சம் ரூபாய் காப்பீடு உண்டு. முன்பதிவில்லாப் பெட்டியில் நெரிந்து செல்லும் தொழிலாளிக்கு அது கிடையாது. எந்தப் பட்டியலிலும் அவர் பெயர் இருப்பதும் இல்லை. 290-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட 2023 ஜூன் 2 பாலசோர் விபத்துக்குப் பின், அடையாளம் காணப்படாத 28 உடல்கள் நான்கு மாதங்கள் கழித்துப் புவனேஸ்வரத்தில் எரியூட்டப்பட்டன. அவர்களுக்காக இழப்பீடு கோர எவருமில்லை.

பெரும் விபத்து நடந்ததும் அமைச்சர்கள் கருணைத் தொகை அறிவிக்கிறார்கள். கருணை ஆட்சியாளரின் விருப்பத்தைப் பொறுத்தது, உரிமை அப்படியல்ல. சாலை விபத்துகளில் காவல்துறை அனுப்பும் அறிக்கையையே இழப்பீட்டு மனுவாக ஏற்க மோட்டார் வாகனச் சட்டம் வழிசெய்கிறது. ரயில் மரணங்களுக்கும் அதே முறை வேண்டும். விசாரணை ரயில்வேயின் பிடியிலிருந்து விடுபட வேண்டும். தொகை விலைவாசிக் குறியீட்டுடன் இணைக்கப்பட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சொகுசு ரயில்களுக்குக் கொடியசைப்பதைப் பெருமையாகக் கருதும் ஒன்றிய அரசு, வாசலில் தொங்கிச் செல்லும் நிலைக்கு முடிவுகட்டும் அளவுக்குப் பொதுப் பெட்டிகளையும் புறநகர் ரயில்களையும் அதிகரிக்க வேண்டும்.

இக்கோரிக்கைகளுக்கான போராட்டத்தோடு உடனடிக் கடமை ஒன்றும் உண்டு. விபத்து நடந்த ஓராண்டுக்குள் தீர்ப்பாயத்தில் மனுச் செய்ய வேண்டும் என்பது பல குடும்பங்களுக்குத் தெரியாது. தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் மன்னிக்கப்படும் என்பதும், விபத்து எங்கு நடந்திருந்தாலும் குடும்பம் வசிக்கும் பகுதிக்குரிய அமர்விலேயே மனுச் செய்யலாம் என்பதும் தெரியாது. வெளிமாநிலத்தில் மகனை இழந்த தாய்க்கு இத்தகவலே பெரும் பலம். பிரேத விசாரணை அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, நிலைய அதிகாரியின் குறிப்பு ஆகியவற்றைத் தாமதமின்றிப் பெறவும், உடன் பயணித்தோர், வழியனுப்பியோர் ஆகியோரின் சாட்சியங்களைத் திரட்டவும் கட்சிக் கிளைகளும் தொழிற்சங்கங்களும் துணைநிற்க வேண்டும். எளிய மனிதரின் உயிருக்குச் சட்டம் அளித்துள்ள உரிமை, ஒரு பயணச்சீட்டோடு தொலைந்துபோக அனுமதிக்கலாகாது.