ஜெலட்டினா, கடல்பாசியா?

ஜப்பானுக்குச் சுற்றுலா போகிறவர்கள் கஃபேக்களில் முதலில் மயங்குவது பர்ஃபேவில்தான். உயரமான கண்ணாடிக் கோப்பையில் மாட்சா ஐஸ்க்ரீம், க்ரீம், கேக், ஜெல்லி, சிவப்புப் பயறு விழுது என்று அடுக்கடுக்காக இருக்கும். போட்டோவுக்கு ரொம்ப அழகு! கரண்டியை அடிவரைக்கும் விட்டால் சில கடைகளில் வெறும் கார்ன்ஃப்ளேக்ஸ்தான் வரும் என்பது வேறு விஷயம்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்குச் சிக்கலே அந்த ஜெல்லியில்தான். அது மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ எடுத்த ஜெலட்டினாக இருக்கலாம், கடல்பாசியாகவும் இருக்கலாம். பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். நாக்கில் வைத்தால் ஓரளவு பிடிபடும். ஜெலட்டின் வாய்ச்சூட்டில் கரைந்துவிடும்; கடல்பாசி கரையாது, கடித்தால்தான் உடையும். ஆனால் வாயில் போட்ட பிறகு கண்டுபிடித்து என்ன பயன்? முன்னாலேயே கேட்டுவிட வேண்டும். ஜப்பானியர் வாயில் ஜெலட்டின் 'ஸெராச்சின்' ஆகிவிடும். முட்டைக்கு 'தமாகோ'. கடல்பாசிக்கு 'கான்டென்'. இந்த மூன்று சொற்கள் போதும், பாதிக் கவலை தீர்ந்தது.

கான்டென் பிறந்த கதையை அங்கே சுவையாகச் சொல்வார்கள். 17-ம் நூற்றாண்டில் கியோட்டோவின் ஃபுஷிமியில், ஒரு விடுதிக்காரர் மிஞ்சிப்போன கடல்பாசிக் கூழைக் குளிர்காலத்தில் வெளியே கொட்டினாராம். இரவில் உறைந்து, பகலில் காய்ந்து, கடைசியில் லேசான சக்கையாகக் கிடந்ததாம். அதைத் திரும்பக் காய்ச்சினால், வாடையில்லாத தெளிந்த ஜெல்லி! கான்டென் என்பதற்கு 'குளிர்ந்த வானம்' என்று பொருள். நம் வீடுகளில் நோன்புக் காலத்திலும் விருந்துகளிலும் செய்கிற கடல்பாசியும் இதே குடும்பம்தான்.

இதைச் சரியாகச் சாப்பிட வேண்டுமானால் பளபளக்கும் கஃபேயைவிட 'கன்மிதோகோரோ' எனப்படும் பழைய பாணி இனிப்புக் கடைகளே மேல். அங்கே 'அன்மிட்சு' கேளுங்கள். கான்டென் துண்டுகள், வேகவைத்த பட்டாணி, பழம், அரிசிமாவு உருண்டை, கூடவே சிவப்புப் பயறுப் பூரணம். கருஞ்சர்க்கரைப் பாகைப் பெரும்பாலும் தனிக் கிண்ணத்தில் தருவார்கள். வேண்டிய அளவு ஊற்றிக்கொள்ளலாம். பொதுவாகப் பாலும் இல்லை, முட்டையும் இல்லை. 'க்ரீம் அன்மிட்சு' என்றால் மட்டும் மேலே ஐஸ்க்ரீம் வந்து உட்கார்ந்துவிடும். பல கடைகளில் உப்பிட்ட கொம்பு என்ற கடற்பாசித் துண்டும் ஓரமாக வைப்பார்கள். திகட்டும்போது ஒரு கடி கடித்தால் வாய் தெளிந்துவிடும். அதில் மீன் சாறு சேர்ப்பதும் உண்டு, அதையும் கேட்டுவிடுங்கள்.

கியோட்டோ போனால், கியோன் பகுதியில் ககிசென் யோஷிஃபுசா என்ற பழம்பெரும் கடையில் 'குஸுகிரி' கிடைக்கும். ஒரு கொடியின் கிழங்கு மாவில் செய்த, கண்ணாடி மாதிரியான பட்டை நூடுல்ஸ். ஐஸ் தண்ணீரில் மிதக்கும். எடுத்துப் பாகில் தோய்த்துச் சாப்பிட வேண்டும். நேரமானால் அது வெளுத்து, மென்மையும் போய்விடும். எனவே போட்டோ எடுப்பதைச் சீக்கிரம் முடிப்பது நல்லது.

தாத்தா பாட்டியையும் சின்னக் குழந்தைகளையும் அழைத்துப்போகிறவர்கள் 'மோச்சி' விஷயத்தில் விளையாட வேண்டாம். பசையரிசியை இடித்துச் செய்யும் இது இழுவையாக இழுக்கும். தொண்டையில் ஒட்டிக்கொண்டால் மூச்சே அடைத்துவிடும். மோச்சி சாப்பிட்டே வளர்ந்த ஜப்பானிலேயே ஒவ்வொரு புத்தாண்டிலும் முதியவர்கள் இப்படி மருத்துவமனைக்குப் போகிறார்கள், உயிரிழப்பும் நேர்கிறது. சிறிய துண்டாக நறுக்குங்கள், முதலில் ஒரு வாய் தேநீர் குடித்துத் தொண்டையை நனையுங்கள், நன்றாக மெல்லுங்கள் என்று டோக்கியோ தீயணைப்புத் துறையே எச்சரிக்கிறது.