கூட்டத்தில் ஒரு குரல், மலையில் ஒரு விசில்

எங்கள் ஊர் செஞ்சிக் கோட்டையை 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. மராட்டியர் கோட்டைகள் 12ல், தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான். ரொம்பப் பெருமை. ஆனால், குடும்பத்தோடு வருகிறவர்கள், ஆபத்து என்றால் யாரை, எப்படிக் கூப்பிடுவது என்று யோசிக்க வேண்டாமா?

காணும் பொங்கலன்று கோட்டையின் கீழே எள் போட்டால் எள் விழாது. சாதாரண நாளிலோ, ஏறக்குறைய 800 அடி உயர ராஜகிரியில் 'ஏன்' என்று கேட்க ஆளிருக்காது. இரண்டு இடத்துக்கும் ஒரே வழி சரிப்படாது.

கூட்டத்தில் 'காப்பாத்துங்க' என்று பொதுவாகக் கத்தினால், வேறு யாராவது போவாங்க என்று எல்லோருமே நின்றுவிடுவார்கள். 'நீலச் சட்டை அண்ணா, 108க்குப் போன் போடுங்க' என்று ஒருவரைக் காட்டிச் சொன்னால், அவரால் தட்ட முடியாது. பிள்ளைகளின் சட்டைப் பையில் நம் போன் நம்பரை எழுதி வைப்பதும் அவசியம்.

ஆளில்லாத இடத்தில் கத்தினால் தொண்டைதான் கட்டிப் போகும். ஒரு விசில் போதும். ஒரு நிமிடத்துக்குள் 6 முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி 6 முறை. மலையேறுபவர்களுக்கு உலகம் முழுக்கத் தெரிந்த அபாயக் குறி இது. நம்ம ஊர் ஆடு மேய்ப்பவருக்கு அது தெரியாவிட்டாலும், விடாமல் ஒரே கணக்கில் கேட்டால் திரும்பிப் பார்ப்பார். இருட்டினால் டார்ச்சை அதே கணக்கில் அடிக்கலாம்.

செல்போன் இருக்கே என்பீர்கள். நம் கம்பெனி டவர் கிடைக்காவிட்டாலும், வேறு கம்பெனி டவர் இருந்தால் 112 கிடைக்க வாய்ப்புண்டு. எந்த டவருமே இல்லையென்றால் அதுவும் கிடைக்காது.

2018 மார்ச் 11ல் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி, பெண்கள் உட்பட 20க்கும் மேற்பட்டவர்கள் இறந்ததை மறக்க முடியுமா? முதலில் ஓடிப் போய்த் தூக்கியவர்கள் உள்ளூர் மக்கள்தான். ஹெலிகாப்டரெல்லாம் வந்தாலும், பக்கத்து ஊர்க்காரர்கள்தான் முதல் உதவி. அதனால், மலையேறுமுன் அடிவாரத்தில் ஒருவரிடமாவது, 'இத்தனை பேர் போறோம், இத்தனை மணிக்கு இறங்கிடுவோம்' என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

தொல்லியல் துறைக்கும் ஒரு வேண்டுகோள். மலைப்பாதை நெடுக, எண் எழுதிய பலகைகள் பெரிதாக இருந்தால், 'ஏழாம் நம்பர் பலகைகிட்ட இருக்கோம்' என்று வெளியூர்க்காரர்கூடச் சொல்லிவிடலாம். தேடுகிற நேரம் மிச்சமாகும்.

புளிசாதம் கட்டும்போதே பையில் ஒரு விசிலையும் போட்டு வையுங்கள், தோழியரே!

- ஒரு வாசகி, செஞ்சி.