பத்துத் தடியும் இரண்டு காசும்

மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் கிளி ஜோசியக்காரனைக் கண்டால் சிரித்துக்கொண்டு போகும் படித்த கனவான்களும் சீமாட்டிகளும், அதே சீட்டு பட்டுத்துணியின் மேல் பரப்பப்பட்டு "டாரட்" என்கின்ற சீமைப் பெயரோடு வந்துவிட்டால் பயபக்தியோடு உட்கார்ந்து கேட்கிறார்கள். கிளி எடுத்தால் மூடநம்பிக்கையாம். மனிதன் எடுத்தால் ஆத்ம ஞானமாம்! கிளியாவது ஒரு நெல்மணிக்கு வேலை செய்கிறது.

நிற்க, இந்தக் கட்டில் 78 சீட்டுகள் உண்டு. அவற்றுள் இரண்டை மாத்திரம் இங்கு எடுத்துக்கொள்ளுவோம். ஒன்று "பத்துத் தடி." ஒரு மனிதன் பத்து நீண்ட தடிகளை அணைத்துத் தூக்கிக்கொண்டு, முதுகு வளைந்து, முகம் தடிகளுக்குள் புதைந்து, தூரத்தில் தெரியும் ஊரை நோக்கி நடக்கிறான். மற்றொன்று "இரண்டு காசு." ஒரு வாலிபன் எட்டு வடிவமாய் முறுக்கிய ஒரு நாடாவுக்குள் இரண்டு பெரிய காசுகளை வைத்து வித்தை காட்டுகிறான், அவனுக்குப் பின்னால் அலைகடலில் இரண்டு கப்பல்கள் ஏறி இறங்குகின்றன. முன்னது சுமையாம், பின்னது சமநிலையாம். இரண்டும் சேர்ந்து வந்தால், "நீ அளவுக்கு மிஞ்சிச் சுமக்கிறாய், சமன் செய்துகொள், ஊர் கிட்டத்தில்தான் இருக்கிறது" என்பது பலன்.

இதைக் கேட்டவர், "என் மனதில் இருப்பதை அப்படியே சொல்லிவிட்டதே!" என்று அதிசயப்படுகிறார். சுமை இல்லாதவன் இவ்வுலகத்தில் எவன் இருக்கிறான்? 1948-இல் அமெரிக்காவில் போரர் என்கின்ற மனோதத்துவ ஆசிரியர் தம் மாணவர் 39 பேருக்கு, அவரவர் குணத்தை ஆராய்ந்து தனித்தனியே எழுதியதாகச் சொல்லி ஆளுக்கொரு தாளைக் கொடுத்தார். எவ்வளவு சரியாயிருக்கிறது என்று 5-க்கு மதிப்புப் போடச் சொன்னதில் சராசரி 4.26 வந்தது. பிறகு பார்த்தால் 39 தாளிலும் எழுதியிருந்தது ஒரே வாசகம்! அதில் பெரும்பகுதி கடையில் விற்ற ஒரு ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்தது. படித்த மாணவர் கதியே இப்படியானால், கவலையோடு போய் உட்காருகிறவர் கதியைக் கேட்பானேன்?

இனி இந்தச் சீட்டின் பூர்வோத்தரத்தைப் பார்ப்போம். 15-ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் பிரபுக்கள் பொழுதுபோக்குக்காக உண்டாக்கிய சீட்டாட்டம் இது. பிரான்சில் இன்றும் இதை வெறும் ஆட்டமாகவே ஆடி வருகிறார்கள். அதைப்பற்றி நமக்கு ஆட்சேபணையில்லை. 1781-இல் கூர் த ஜெபலின் என்கின்ற ஒரு பிரெஞ்சுப் பாதிரியார், இது எகிப்திய புரோகிதர்களின் ரகசிய வேதம் என்று ஒரு கதையைக் கட்டிவிட்டார். எகிப்திய எழுத்தை ஷாம்போலியோன் படிக்க வழிகண்டதோ 1822-இல்தான்! எழுத்தே தெரியாத காலத்தில் வேதம் மாத்திரம் எப்படித் தெரிந்தது? சில ஆண்டுகளில் பாரிசில் அலியெத் என்பவர் தம் பெயரைத் தலைகீழாய்த் திருப்பி "எத்தெயிலா" என்று வைத்துக்கொண்டு குறி சொல்லிப் பணம் பண்ணினார். எகிப்து என்றால் என்ன, கைலாசம் என்றால் என்ன, தூரத்து ஊரும் பழைய காலமும் இல்லாமல் புரோகிதம் நடவாது.

நாம் மேலே சொன்ன தடி சுமக்கும் படமோ 1909-இல் லண்டனில் அச்சானது. அதன் ஆசிரியரான வெயிட் என்பவரே எழுதிய விளக்க நூலைப் பார்த்தால் வேடிக்கை விளங்கும். பத்துத் தடிக்குக் கொடுமை என்றும் பொருளாம். லாபம், வெற்றி என்றும் பொருளாம். வஞ்சகம் என்றும் பொருளாம். சில பொருள்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகா என்று அவரே ஒப்புக்கொள்ளுகிறார். இரண்டு காசுக்கு உல்லாசமும் பொருள், தொல்லையும் பொருள். இப்படி எது நடந்தாலும் பலித்ததாகச் சொல்ல வழி வைத்துக்கொண்ட பிறகு எது பலிக்காது?

படங்களை வரைந்தவர் பமேலா கோல்மன் ஸ்மித் என்கின்ற பெண். பெரிய வேலை, கிடைத்தது சொற்பப் பணம் என்று அந்த 1909-லேயே ஒரு சிநேகிதருக்குக் கடிதம் எழுதினார். கட்டு பிரசித்தியானதோ பதிப்பாளர் பெயரும் வெயிட் பெயரும் சேர்ந்து "ரைடர்-வெயிட்" என்று. 1951-இல் அவர் இறந்தபோது அவருடைய சாமான்கள் கடனுக்காக விற்கப்பட்டன. சுமைச் சீட்டை வரைந்தவருடைய சுமையை எந்தச் சீட்டும் இறக்கி வைக்கவில்லை.

இதில் உள்ள கெடுதல் போன காசு மாத்திரமல்ல. பகல் முழுதும் வேலைத்தலத்தில் உழைத்துவிட்டு, இரவில் வீட்டில் அடுப்பும் பாத்திரமும் பிள்ளையுமாய் அல்லாடுகிற ஒரு பெண் போய் உட்காருகிறாள். "நீயாக இழுத்துப் போட்டுக்கொண்ட சுமை, மனதைச் சமன் செய்" என்று சீட்டு சொல்லுகிறது. அவள் புருஷன் ஒரு தடியை வாங்கிக்கொள்ளக் கூடாதா என்று எந்தச் சீட்டாவது கேட்கிறதா? வட்டிக்கு வாங்கி முழுகுகிறவனிடம் வட்டி என்ன விகிதம் என்று கேட்கிறதா? படத்தில் பத்துத் தடியும் இருக்கிறது, சுமப்பவனும் இருக்கிறான். ஏற்றி வைத்தவனை மாத்திரம் காணோம்! கர்மம் என்று நம் நாட்டுப் புரோகிதன் சொன்னதை இவர்கள் சமநிலை என்கிறார்கள்.

சிலர், "இது ஜோசியமல்ல, மனதைத் திறந்து பேச ஒரு சாக்கு" என்கிறார்கள். துன்பப்பட்டவர் மனம்விட்டுப் பேசுவது நல்லதுதான். பொறுமையாய்க் கேட்க ஒரு சிநேகிதர் போதும். அதற்குச் சீட்டு எதற்கு, கட்டணம் எதற்கு?

நம்பிக்கையுள்ள தோழர்கள் ஒரு காரியம் செய்து பார்க்கட்டும். பலன் கேட்டு முடிந்ததும், கட்டைக் கலைத்து அதே கேள்விக்கு மறுபடியும் இரண்டு சீட்டு எடுக்கச் சொல்லட்டும். 78 சீட்டில் இரண்டிரண்டாய் 3003 ஜோடிகள் உண்டு. விதி ஒன்றானால் அதே ஜோடிதானே வர வேண்டும்? வந்த பிறகு கட்டணத்தைக் கொடுத்தால் போதும்.